மாயக் காதல் நாவல்களும் நமது வாலிபர்களும்

(கல்லங்குறிச்சியில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கூலியைப் பற்றிப் பேசுவோம், காண்ட்ராக்ட் முறையைப் பற்றிப் பேசுவோம் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவை பேசித் தீர வேண்டிய விஷயங்கள்தான். ஆனால் இன்று நாவல்களைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறார்கள்.

கேட்டவர்கள் இரண்டு தரப்பார். பெரியவர்கள் சிலர், "பிள்ளை ராவெல்லாம் கைபேசியை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, பேய்க்கும் பெண்ணுக்கும் காதல், யந்திரத்துக்கும் மனிதனுக்கும் காதல் என்று படித்துக் கிடக்கிறது. கட்சிக்காரர்கள் நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள்" என்றார்கள். கல்லூரிக்குப் போகும் தங்கைமார் சிலரோ, "நாங்கள் படிப்பது குற்றமா? மறைக்காமல் உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள்" என்றார்கள். இரண்டு தரப்பாருக்கும் ஒரே மேடையில் பதில் சொல்வதுதான் நியாயம்.

ஒரு அரசியல் கட்சிக்கு இதில் என்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். பன்னிரண்டு வயது முதல் இருபது வயது வரை ஒரு பிள்ளை எதைப் படித்துக் கண்ணீர் விடுகிறதோ, எதைப் படித்துக் கனவு காண்கிறதோ, அதை வைத்துத்தான் பிற்பாடு உலகத்தைப் பார்க்கிறது. அதை மட்டும் நாம் கவனிக்காமல் விட்டால், கவனிப்பதற்கு முதலாளிகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாயக் கதை நமக்குப் புதிதா?

முதலில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மாயக் கதை என்றதும் ஏதோ வெள்ளைக்காரன் நேற்றுக் கொண்டுவந்து இறக்கிய சரக்கு என்று நினைக்கக்கூடாது. விக்கிரமாதித்தனும் வேதாளமும் நம் பாட்டிமார் சொன்ன கதைதான். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமாவைப் படித்து வளராத கிழவர் இங்கே எத்தனை பேர்?

இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலில் ஜனங்கள் வணங்குவது ஒரு கல் கம்பத்தை. காணாமற்போன பசு ஒன்று அந்தக் கம்பத்தின்மேல் பால் சொரிந்து நின்றது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். விளைந்த தானியத்தில் ஒரு பங்கைக் குடியானவர்கள் இங்கே கொண்டுவந்து செலுத்துகிறார்கள். யாருடைய நம்பிக்கையையும் பரிகாசம் செய்ய நாம் வரவில்லை. அந்தக் கதைக்குள் இருக்கும் மனிதனைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறோம். பசுவை இழந்தவன் ஜீவனத்தை இழந்தவன். தொலைந்த பசு திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது ஒவ்வொரு குடியானவனின் ஏக்கம். பெருமாளைப் பற்றிய கதையாக இருந்தாலும் அதற்குள் இருப்பது உழைப்பாளியின் பசி.

எந்த மாயக் கதையையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மேலே இருப்பது மாயம். கீழே இருப்பது மனிதனின் குறை. இன்றைக்கு நம் வாலிபர் படிக்கும் நாவல்களின் கீழே என்ன குறை இருக்கிறது? அதைப் பார்ப்போம்.

பசி உண்மையானது

இந்த நாவல்களில் பெரும்பாலானவற்றின் கதைப்போக்கு ஒன்றுதான். பதினாறு, பதினேழு வயதுப் பெண். சாதாரணக் குடும்பம். அவளை யாரும் பொருட்படுத்துவதில்லை. திடீரென்று அவள் வாழ்க்கைக்குள் ஒருவன் வருகிறான். அவன் மனிதனல்ல, ரத்தக் காட்டேரி, அல்லது ஓநாயாக உருமாறுகிறவன், அல்லது வேற்றுக் கிரகத்தவன், அல்லது கந்தர்வ லோகத்து இளவரசன். உலகமே எதிர்த்தாலும் அவர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் ஸ்டெஃபனி மேயர் 2005-இல் எழுதிய 'ட்வைலைட்' இந்த வகையில் பெயர் பெற்றது. அந்த வரிசை உலகம் முழுவதும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது, சினிமாவாகவும் வந்தது.

இதை நமது பெண்கள் ஏன் விரும்பிப் படிக்கிறார்கள்? புத்தி கெட்டுப் போய்விட்டதா? இல்லை, தோழர்களே! அந்தக் கதையில் ஒருவரும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. "அவன் எந்தத் தெரு?" என்று கேட்பதில்லை. "என்ன ஜாதி?" என்று கேட்பதில்லை.

நமது நாட்டில் நடப்பது என்ன? 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், ஜனங்கள் நிறைந்த பஸ் நிலையத்துக்கருகே, சங்கர் என்ற என்ஜினீயரிங் மாணவரை வெட்டிக் கொன்றார்களே, அவர் செய்த குற்றம் என்ன? தலித் குடும்பத்தில் பிறந்த அவர், வேறு ஜாதியில் பிறந்த கௌசல்யாவைக் காதலித்து மணந்துகொண்டார். அது ஒன்றுதான் குற்றம். கௌசல்யாவும் வெட்டுப்பட்டார், பிழைத்து எழுந்து ஜாதி வெறிக்கு எதிராக நீதி கேட்டு நின்றார். இந்தக் கொலை ஒன்றுதானா? தர்மபுரியில் 2012 நவம்பரில் ஒரு காதல் கல்யாணத்தைக் காரணம் காட்டி நத்தம் காலனியிலும் பக்கத்துச் சேரிகளிலும் வீடுகளைக் கொளுத்தினார்களே, மறந்துவிட்டோமா?

புத்தகத்தில் ரத்தக் காட்டேரியைக் கட்டிக்கொள்ளலாம். ஊரில் அடுத்த தெருப் பையனைக் கட்டிக்கொள்ள முடியாது. இப்படிப்பட்ட ஊரில் பிறந்த பெண், ஒரு மனுஷி ஒரு காட்டேரியை மணந்து சுகமாக இருந்தாள் என்று படித்து ராத்திரியில் அழுகிறாள் என்றால், குறை அந்தப் பெண்ணிடத்திலா இருக்கிறது? ஊரில் இருக்கிறது!

ஆகவே பெரியவர்களே, பிள்ளையின் கையிலிருக்கும் புத்தகத்தைப் பிடுங்குவதற்கு முன்னால், அந்தப் புத்தகம் எந்தப் பசிக்கு அவள் தேடிக்கொண்ட கஞ்சி என்று யோசியுங்கள். பசி உண்மையானது. அதை நாம் மதிக்கிறோம்.

பரிமாறுவதில்தான் மோசடி

இனி வாலிபர்களுக்கு. மறைக்காமல் சொல்லச் சொன்னீர்கள்; சொல்கிறோம். பசி உண்மை, ஆனால் உங்களுக்குப் பரிமாறப்படுவதில் கலப்படம் நிறைய இருக்கிறது.

'ட்வைலைட்' கதையின் நாயகன் எட்வர்ட் 1901-இல் பிறந்தவன். நூறு வயது தாண்டியும் பதினேழு வயது முகத்தோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். பணத்துக்குக் குறைவில்லாத வீடு. பகட்டான கார்கள். கதாநாயகி பெல்லாவோ பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவுக்குச் சமைக்கிறாள். ராத்திரியில் அவளுக்குத் தெரியாமல் அவள் அறைக்குள் புகுந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் எட்வர்ட். இதைக் காதல் என்று எழுதியிருக்கிறார்கள். தங்கைமாரே, உங்கள் வீட்டு ஜன்னல் வழியாக ஒருவன் இப்படி நுழைந்தால் அதற்கு நம் ஊரில் என்ன பெயர்? பணக்காரன் நுழைந்தால் காதல், கூலிக்காரன் நுழைந்தால் திருட்டா?

தமிழிலும் இதே சரக்கு வந்துவிட்டது. கைபேசியில் தினம் ஒரு அத்தியாயமாக வரும் காதல் கதைகளில் 'ஆன்டி ஹீரோ' என்று ஒரு ரகம் இருக்கிறது. நாயகன் பெரிய கம்பெனி முதலாளி. நாயகியைக் கடத்துகிறான், அறைகிறான், பூட்டி வைக்கிறான், கட்டாயத் தாலி கட்டுகிறான். முப்பதாவது அத்தியாயத்தில் அவனுக்குச் சின்ன வயதில் ஏதோ துக்கம் என்று தெரியவருகிறது. உடனே அவள் மன்னித்து, அவன் காலடியில் சொர்க்கத்தைக் காண்கிறாள். இந்தக் கதைகளை எழுதுகிறவர்களிலும் படிக்கிறவர்களிலும் பெரும்பாலோர் பெண்கள்தான் என்பது நமக்குத் தெரியும். அவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. வீட்டு வேலையெல்லாம் முடித்துப் பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதுகிற ஒரு பெண்ணின் உழைப்பை நாம் மதிக்கிறோம். ஆனால் அடிக்கிற கையை முத்தமிடச் சொல்லும் கதை, பெண்ணுக்கு விரோதமான கதை. அதை யார் எழுதினாலும் விரோதமானதுதான். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனைப் பற்றி, "அவர் மனசு தங்கம்" என்று சொல்லிக்கொண்டு நமது தாய்மார் எத்தனை பேர் முதுகில் தழும்போடு காலம் தள்ளினார்கள்! அந்தப் பழைய விலங்கைத்தான் இங்கே புதிய ஜரிகை சுற்றித் தருகிறார்கள்.

இன்னொரு மோசடி, 'தேர்ந்தெடுக்கப்பட்டவள்' என்ற கற்பனை. ஆயிரம் பேர் கஷ்டப்படும் ஊரில் ஒருத்திக்கு மட்டும் மந்திர சக்தி. அவளை மட்டும் ராஜகுமாரன் தூக்கிக்கொண்டு போகிறான். மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் என்ன ஆனார்கள்? அவர்களுக்குக் கதையில் பெயர்கூடக் கிடையாது. நாற்று நடும் பெண்கள் இங்கே இருக்கிறீர்கள். வரிசையில் ஒருத்தி மட்டும் முன்னேறிப் போனால் நடவு முடியுமா? விடுதலையும் அப்படித்தான்.

ரொட்டி அனுப்பிய விவசாயிகள்

எல்லாவற்றையும் குப்பை என்று ஒதுக்கிவிடக் கூடாது. நல்லதை நல்லது என்று சொல்லாதவனின் கண்டனத்துக்கு மதிப்பில்லை. சுசான் காலின்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2008-இல் வெளியிட்ட 'ஹங்கர் கேம்ஸ்' என்ற நாவலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'பசி விளையாட்டுகள்' என்று பொருள். வருங்காலத்தில் நடப்பதாக எழுதிய கதை.

பானெம் என்று ஒரு நாடு. தலைநகரத்தார் தின்று கொழுக்கிறார்கள். பன்னிரண்டு மாவட்டத்தார் உழைத்துத் தேய்கிறார்கள். ஒரு மாவட்டம் நிலக்கரி வெட்டுகிறது, ஒரு மாவட்டம் பயிர் செய்கிறது, ஒரு மாவட்டம் துணி நெய்கிறது. ஒரு காலத்தில் மாவட்டங்கள் கலகம் செய்ததற்குத் தண்டனையாக, வருஷாவருஷம் ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுக்குள் ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் சீட்டுப் போட்டு எடுக்கிறார்கள். இருபத்து நாலு பிள்ளைகள். ஒருவர் மிஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். அதை டெலிவிஷனில் காட்டி வேடிக்கை பார்க்கிறார்கள்.

அந்தச் சீட்டில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ரேஷன் கடை வாசலில் நின்றவர்களுக்கு அது உடனே புரியும். பட்டினி கிடக்கும் பிள்ளை, தன் பெயரை இன்னொரு தரம் சீட்டில் எழுதிப் போடச் சம்மதித்தால், ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கொடுப்பார்கள். வீட்டில் எத்தனை வயிறோ அத்தனை தரம் எழுதலாம். கதாநாயகி காட்னிஸின் தகப்பனார் சுரங்க விபத்தில் செத்தவர். தாயும் தங்கையும் பசியாமலிருக்க அவள் பெயர் இருபது தரம் பெட்டிக்குள் கிடக்கிறது. அவள் சிநேகிதன் கேலின் பெயர் நாற்பத்திரண்டு தரம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் பெயரோ வயதுக்குத் தக்கபடி சில தரம் மட்டுமே. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். சாவு மட்டும் ஏழையை நாடி வருகிறது! வர்க்க சமுதாயத்தின் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்கு விளக்க இதைவிட எளிய உதாரணம் வேண்டுமா?

இன்னொரு இடம். பயிர் செய்யும் பதினோராவது மாவட்டத்திலிருந்து ரூ என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமி வருகிறாள். அங்கே பயிரிடுகிறவர்கள் தாங்கள் விளைவித்ததைத் தின்றால் சவுக்கடி. காட்னிஸும் ரூவும் எதிரிகளாக இருக்க வேண்டியவர்கள், ஆனால் தோழிகளாகிறார்கள். ரூ கொல்லப்பட்டதும் காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் மூடுகிறாள். அதை டெலிவிஷனில் பார்த்த பதினோராவது மாவட்டத்து ஏழைகள், ரூவுக்கென்று காசு சேர்த்து வாங்கிய ரொட்டியைக் காட்னிஸுக்கு அனுப்புகிறார்கள். விவசாயத் தொழிலாளி சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கு அனுப்பிய ரொட்டி அது! ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்து உட்கார்ந்திருக்கும் இந்தக் கூட்டத்தில் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

காதலும் அந்தக் கதையில் இருக்கிறது. வேடிக்கை பார்க்கும் பணக்காரர்கள் மருந்தும் உணவும் அனுப்ப வேண்டுமென்றால் காட்னிஸ் காதல் நடிக்க வேண்டியிருக்கிறது. காதலைக்கூடச் சந்தையில் வைத்து விலை பேசும் சமுதாயம் என்று ஆசிரியை காட்டுகிறார். ஆனால் பாருங்கள் வேடிக்கையை! சினிமா 2012-இல் வந்தபோது பத்திரிகைகள் எதைப் பேசின? இரண்டு பையன்களில் காட்னிஸ் யாரைக் கட்டிக்கொள்வாள் என்று பேசின! கதை எதைக் கண்டித்ததோ அதையே கதையின் பெயரால் விற்றார்கள். முதலாளித்துவம் தன்னைத் திட்டுகிற புத்தகத்தையும் லாபத்துக்கு விற்கும்.

இந்த நாவலிலும் நமக்கு உடன்பாடில்லாத இடம் உண்டு. கடைசிப் பாகத்தில் புரட்சி வெல்கிறது. ஆனால் புரட்சியின் தலைவி காயினும் பழைய சர்வாதிகாரி ஸ்நோவைப் போலவே கொடுமைக்காரி என்று ஆகிறது. காட்னிஸ் அவளைக் கொன்றுவிட்டு, கடைசியில் வீட்டுக்குள் அமைதி தேடுகிறாள். தலைமை கெட்டுப் போகலாம் என்று எச்சரிப்பது தவறல்ல. உலகம் அதைப் பார்த்திருக்கிறது. ஆனால் ஜனங்கள் கூடி உட்கார்ந்து, கமிட்டி போட்டு, ரொட்டியைப் பங்கிட்டு, நாட்டை நடத்துவதாக ஓர் அத்தியாயமாவது இருக்க வேண்டாமா? இடிக்கத் தெரிந்த கதைக்குக் கட்டத் தெரியவில்லை.

அப்படியிருந்தும் என்ன நடந்தது தெரியுமா? அந்தக் கதையில் ஏழைகள் மூன்று விரலை உதட்டில் வைத்து உயர்த்தி மரியாதை செய்வார்கள். 2014 மே மாதம் தாய்லாந்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, வாலிபர்கள் அந்த மூன்று விரலை எதிர்ப்பின் அடையாளமாகத் தெருவில் உயர்த்தினார்கள். அவ்வருஷம் நவம்பரில் கோன் கேன் நகரத்தில், ராணுவத் தலைவர் பிரயுத் பேசிக்கொண்டிருந்தபோது, ஐந்து மாணவர்கள் எழுந்து நின்று மூன்று விரலைக் காட்டினார்கள்; பிடித்துக்கொண்டு போனார்கள். 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தபோது, டாக்டர்களும் ஆசிரியர்களும் தையல் ஆலைப் பெண்களும் அதே மூன்று விரலோடு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

எழுதியவர் நினைக்காத இடத்துக்கெல்லாம் வாசகர் புத்தகத்தைக் கொண்டுபோனார்கள். ஆகவேதான் சொல்கிறோம்: புத்தகம் பாதி, படிக்கிறவர் பாதி. அந்த இரண்டாம் பாதியில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

நம்மவர் எழுதியவை

விஞ்ஞானக் கற்பனை நமக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1905-ஆம் வருஷம் நமது சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' பத்திரிகையில், ரொக்கையா என்ற வங்காளத்து முஸ்லிம் பெண்மணி 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை எழுதினார். அந்த நாட்டில் பெண்கள் வெளியே நாட்டை ஆள்கிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து சமைக்கிறார்கள். சூரிய வெப்பத்தைச் சேமித்து அடுப்பெரிக்கிறார்கள். மேகத்திலிருந்து தண்ணீர் இறக்குகிறார்கள். ஆகாயத்தில் வண்டி ஓட்டுகிறார்கள். ஆபீஸ் வேலை தினம் இரண்டு மணி நேரம்தான்! ஆண்கள் ஏழு மணி நேரம் உட்கார்ந்தது சுருட்டுப் பிடிக்கத்தான் என்று நாயகி சிரிக்கிறாள். சூரிய வெப்ப அடுப்பு இன்று நிஜமாகிவிட்டது. பெண்ணடிமை ஒழிந்துவிட்டதா? விஞ்ஞானம் வந்த வேகத்தில் நியாயம் வரவில்லை.

தமிழில் சுஜாதா 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' என்ற தொடர்கதை எழுதினார். வருங்கால இந்தியா. ஜீவா என்ற ஒரே தலைவரின் ஆட்சி. பெயரில் இரண்டெழுத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பிள்ளை பெறச் சர்க்காரிடம் அனுமதி வாங்க வேண்டும். நிலா என்ற இளம்பெண்ணின் கணவன் காணாமற்போகிறான். அவனைத் தேடும் அவளுக்கு, ஜீனோ என்ற பேசும் யந்திர நாய் துணை. அது புத்தகம் படித்துப் படித்துச் சுயமாக யோசிக்கத் தொடங்குகிறது. நாடே நடுங்கும் அந்த ஜீவா மனிதனே அல்ல, வெறும் ஒளியால் ஆன பிம்பம் என்று கடைசியில் தெரிகிறது. சுஜாதாவின் அரசியல் வேறு, நமது அரசியல் வேறு. ஆனாலும் தலைவனின் பிம்பத்தைக் காட்டி ஜனங்களை ஏய்க்கலாம் என்பதை அன்றே எழுதியதை நாம் பாராட்டுகிறோம். யந்திரமே படித்து யோசிக்கும்போது மனிதன் படிக்காமல் இருக்கலாமா?

நமது இயக்கத்துக்கும் இந்த இலக்கியத்துக்கும் பழைய உறவு உண்டு. போல்ஷெவிக் கட்சியில் முன்னணியில் இருந்த போக்தானோவ் 1908-இல் 'செந்தாரகை' என்று பொருள்படும் நாவலை எழுதினார். பூமியின் புரட்சிக்காரர் ஒருவர் செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறார். அங்கே பொதுவுடைமைச் சமுதாயம். எந்தத் தொழிலுக்கு எத்தனை ஆள் தேவை என்று கணக்கு எல்லோருக்கும் தெரியும்படி காட்டப்படுகிறது. ஜனங்கள் தாங்களே வேலையைத் தேர்ந்துகொள்கிறார்கள். நெட்டி என்ற பெண்ணை அவர் காதலிக்கிறார். பிறகு 1923-இல் அலெக்ஸி டால்ஸ்டாய் 'ஏலிதா'வை எழுதினார். செவ்வாய் ஆளும் தலைவனின் மகள் ஏலிதாவை என்ஜினீயர் லோஸ் காதலிக்கிறார். அவரோடு போன செஞ்சேனை வீரன் குஸெவ் அங்குள்ள தொழிலாளரின் எழுச்சியில் சேருகிறான். 1928-இல் பெல்யாயெவ் எழுதிய நாவலில், கடலுக்கடியில் மூச்சுவிடக் கூடிய வாலிபன் இக்தியாந்தர் ஒரு பெண்ணை நேசிக்கிறான். முத்து வியாபாரி ஒருவன் அவனைப் பிடித்துச் சங்கிலியில் கட்டி முத்தெடுக்க விடுகிறான். அற்புதமான சக்தி ஒருவனுக்கு வந்தாலும், சுரண்டும் சமுதாயத்தில் அது முதலாளியின் லாபத்துக்கே போகும் என்பதைக் குழந்தைக்கும் புரிய வைக்கும் கதை இது.

இந்தக் கதைகளில் காதல் குறைந்துவிட்டதா? இல்லை. காதலோடு உலகமும் இருக்கிறது. இதுதான் நாம் கேட்பது.

காலடியில் ஒரு கடல்

வாலிபர்களே, வேற்றுக் கிரகத்துக்குப் போக வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். சுமார் 7 கோடி வருஷங்களுக்கு முன்னால் இந்தக் கல்லங்குறிச்சி கடலாக இருந்தது. சிப்பிகள் கோடிக்கணக்கில் இங்கே வாழ்ந்து மடிந்து, ஓடுகள் படிந்து படிந்து சுண்ணாம்புக் கல்லாயின. உலகத்துப் பூகர்ப்ப விஞ்ஞானிகள் அந்தப் பாறைப் படிவத்துக்கு உங்கள் ஊர்ப் பெயரையே வைத்து, 'கல்லங்குறிச்சிப் படிவம்' என்று எழுதுகிறார்கள். பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. வாரணவாசி அருங்காட்சியகத்தில் இந்த மண்ணில் எடுத்த கடற்பிராணிகளின் கல்லான உடல்களை வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கடலைத்தான் சுரங்கத்தில் வெட்டி, லாரியில் ஏற்றி, சூளையில் சுட்டு, சிமெண்டாக்கி மூட்டை கட்டுகிறார்கள். வெட்டுகிறவர் நமது தோழர். மூட்டை தூக்குகிறவர் நமது தோழர். புழுதியைத் தின்கிறவர்கள் நமது பிள்ளைகள். 7 கோடி வருஷத்துக் கடல் யாருடைய சொத்து? அதை வெட்டிய லாபம் யாருடைய பெட்டிக்குப் போகிறது? இதைவிடப் பெரிய விஞ்ஞானக் கதை எங்கே இருக்கிறது? சுரங்கத்தில் வேலை செய்யும் ஒரு பையனும் நடவுக்குப் போகும் ஒரு பெண்ணும், கல்லுக்குள் ஒரு சிப்பியைக் கண்டெடுத்து வியந்து நிற்பதில் தொடங்கி ஒரு காதல் கதையை இந்த ஊரிலிருந்து ஒருவர் எழுதினால், நாம் முதல் வாசகராக இருப்போம்.

செய்ய வேண்டியவை

பெரியவர்களே! புத்தகத்தைக் கிழிக்காதீர்கள். கைபேசியைப் பிடுங்காதீர்கள். "என்னம்மா கதை? எனக்கும் சொல்லு" என்று கேளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் கதை கேட்கலாம். பிள்ளை காதல் கதை படித்துக் கெட்டுப்போகும் என்று அஞ்சுகிற நீங்கள், காதலித்த பிள்ளைகளை வெட்டச் சொல்லும் ஜாதிச் சங்கத்துக்காரனை ஊருக்குள் விடாதீர்கள். ஆணவக் கொலைக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டுமென்று நமது இயக்கம் நெடுநாளாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறது. சட்டம் மட்டும் போதாது. ஒவ்வொரு தெருவும் காவலாக நிற்க வேண்டும்.

வாலிபர்களே! எந்தப் புத்தகத்தையும் படியுங்கள். படித்து முடித்ததும் நாலு கேள்வி கேளுங்கள். இந்தக் கதையில் உழைக்கிறவர் யார், உட்கார்ந்து தின்கிறவர் யார்? அந்தப் பெண் வேண்டாம் என்று சொன்னால் அவன் கேட்கிறானா? விடுதலை ஒருத்திக்கு மட்டுமா, ஊருக்குமா? கடைசிப் பக்கத்தை மூடியபோது உங்கள் நெஞ்சில் தைரியம் கூடியதா, பெருமூச்சு மட்டும்தானா? இந்த நாலுக்கும் நல்ல பதில் தருகிற புத்தகத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நாலு பேருக்குக் கொடுங்கள்.

ஊர் முழுவதற்கும் ஒரு வேலை. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் நமது மாகாணத்தில்தான் பிறந்தது. வீட்டுவரியோடு நூலக வரியும் நம்மிடம் வசூலாகிறது. நூலகம் யாரும் நமக்குப் போடுகிற பிச்சையல்ல, நமது காசு. வேலைக்குப் போய்த் திரும்பும் ஆணும் பெண்ணும் வந்து படிக்கும்படி மாலை நேரத்தில் நூலகம் திறந்திருக்க வேண்டும். அதில் விஞ்ஞானக் கதைகளும் காதல் நாவல்களும், மலிவுப் பதிப்பாகத் தமிழில் நிறைய இருக்க வேண்டும். இதைக் கேட்டு மனு எழுதுங்கள், கையெழுத்து வாங்குங்கள், கூட்டமாகப் போய்க் கொடுங்கள். வாரம் ஒரு நாள், ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் வாசகர் வட்டத்தை இந்த ஊரில் தொடங்குங்கள். அதில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார வேண்டும். அந்தப் பாயை விரிப்பதே பாதிப் புரட்சி.

காதல் கூடாது என்று கம்யூனிஸ்டுகள் சொல்ல மாட்டோம். கனவு கூடாது என்றும் சொல்ல மாட்டோம். ஜாதிக்கு அஞ்சாமல் காதலிக்கவும், முதலாளிக்கு அஞ்சாமல் கனவு காணவும் ஒரு நாடு வேண்டும் என்றுதான் சொல்கிறோம். காட்டேரியும் கந்தர்வனும் வந்து அந்த நாட்டைத் தரப்போவதில்லை. சுரங்கத்தில் கல் வெட்டும் கையும் வயலில் நாற்று நடும் கையும் சேர்ந்தால் அந்த நாடு பிறக்கும்.

வாசகர் வட்டத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள். முதலில் தங்கைமார் பெயரைக் கொடுங்கள்.